பஞ்சில் தைத்த பாலன்

மாப்பிள்ளை குடையை மடக்காமலே வாசலில் நின்றார். குடை விளிம்பிலிருந்து நீர் சொட்டி அவருடைய செருப்பில் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் அன்றுதான் அந்த வருடத்தின் முதல் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏறியிருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் மழைக்குப் பயந்து அதன்மேல் ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்திருந்தார்கள்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை. என்ன வாசல்லயே நிக்கிறீக?" என்றாள் அம்மா.

"இல்லத்தை, பஸ்ஸுக்குப் போகணும். அம்மா ஒரு விசயம் சொல்லிவிட்டாக."

"சொல்லுங்க."

அவர் குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாமா தவறி இன்னும் வருசம் திரும்பல. துக்க வீட்ல தலைக் கிறிஸ்துமஸ் வேணாம்னு சொல்றாக. அடுத்த வருசம் சேத்து வச்சு நல்லாச் செஞ்சுக்கிருவோம்னாக."

அம்மா தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தவில்லை.

"அடுத்த வருசம் வர்றது எப்படித் தலைக் கிறிஸ்துமஸ் ஆகும்? அது ரெண்டாவதுல்ல?"

மாப்பிள்ளை அமல்ராஜ், என் தங்கையின் கணவர், நல்ல மனிதர். வடமதுரையில் உரக்கடை வைத்திருந்தார். எந்த மூட்டையில் என்ன சத்து என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். இந்தக் கேள்விக்குக் குடையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"உங்கம்மாட்ட சொல்லுங்க. நான் கொண்டாட்டத்துக்குக் கூப்பிடல. எம்பிள்ளைய வீட்டுக்குக் கூப்பிடுறேன். சந்தேகம்னா அவுகளும் கூட வரட்டும். வாசல்ல நட்சத்திரம் தொங்குதா, அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏறியிருக்கான்னு கண்ணால பாத்துக்கிறட்டும்."

மாப்பிள்ளை காபி குடிக்காமல் போனார். அம்மா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

ஒரு திருத்தம், ஒரு விளக்கம்

தேதி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் என்பது இத்தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். சென்ற வாரம், அப்பாவின் அடக்கத்தன்று மழை பெய்ததாக எழுதியிருந்தேன். தங்கை படித்துவிட்டு, "மழை மறுநாள்தான் அண்ணே" என்றாள். அவள் சொல்வதே சரி. திருத்திக்கொள்கிறேன்.

இன்று சொல்லும் கதை அதே வருடத்தின் கடைசியில் நடந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்த வருடம் கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்தது. தங்கை ஸ்டெல்லாவுக்கு வைகாசியில் கல்யாணம். ஆவணியில் அப்பா போய்விட்டார். இரண்டு விசேஷங்களுக்கும் ஒரே பந்தல்காரர் வந்தார். இரண்டாவது முறை வந்தபோது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்யாணமான பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் கிறிஸ்துமஸுக்குப் பெண் வீட்டுக்கு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். புதுத் துணி, பலகாரம், விருந்து எல்லாம் உண்டு. அதே ஊர் வழக்கம்தான், துக்கம் நடந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை நட்சத்திரம் தொங்கக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது, புதுத் துணி எடுக்கக் கூடாது என்றும் சொல்லும். ஒரு வழக்கம் வரச் சொல்கிறது, இன்னொன்று தடுக்கிறது. நடுவில் என் தங்கை.

"பங்குச் சாமியார்ட்ட ஒரு வார்த்தை கேப்பமா?" என்றேன்.

"அவரு தாராளமாச் செய்ங்கம்பாரு. சம்பந்தியம்மா சாமியார் பேச்சக் கேக்குற ஆளா? இது கோயில் சட்டமில்ல அப்பு, தெருச் சட்டம். தெருச் சட்டத்தத் தெருச் சட்டத்தாலதான் மடக்கணும்."

அதன் பிறகு அவள் குரல் தாழ்ந்தது.

"இந்த வருசம் கூப்பிடாம விட்டம்னு வையி, அப்பன் போனதோட இவளுக்குப் பொறந்த வீடும் போச்சுன்னு அங்க முடிவு கட்டிருவாக. அப்புறம் எம்பிள்ள அந்த வீட்ல எந்தத் தைரியத்துல வாயத் தொறக்கும்?"

எங்கள் வீட்டில் அந்த மாதம் நடந்த அத்தனை வேலைக்கும் இதுதான் காரணம்.

சட்டி ஏறாத சமையல்

எண்ணெய்ச் சட்டி கூடாது என்றால், எண்ணெய்ச் சட்டி இல்லாமல் எதைச் செய்யலாம்? அம்மா அடுப்படியைச் சுற்றி ஒரு முறை கண்ணை ஓட்டினாள். பாசிப்பயறையும் அரிசியையும் வெறும் சட்டியில் வறுத்து அரைத்து, வெல்லப்பாகு ஊற்றிப் பொரிவிளங்காய் உருண்டை பிடித்தாள். அது சுடுகிற பலகாரம் இல்லை. ஆறிய பிறகு அதை உடைக்க அம்மிக்குழவி வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

அடுத்து கேக். எங்களிடம் ஓவன் எதுவும் கிடையாது. அகலமான அலுமினியச் சட்டியில் மணலை நிரப்பி, அதன்மேல் மாவுப் பாத்திரத்தை வைத்து, மூடி போட்டு மண்ணெண்ணெய் அடுப்பில் ஏற்றுவது அன்று பல வீடுகளில் இருந்த முறை. சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிப் பழுக்கவிட்டோம். அந்தப் பழத்தின் வாசனை இரண்டு நாள் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா போனபிறகு எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு நல்ல வாசனை.

பக்கத்துக் காலிமனையில் வீடு கட்ட இறக்கியிருந்த மணலில் ஒரு வாளி கேட்டு வாங்கி வந்தேன். மழையில் நனைந்த மணல். மேலே காய்ந்ததுபோல் இருந்ததை நம்பி அப்படியே நிரப்பிவிட்டோம். சட்டிக்குள் ஆவி எழும்பி, மூடி தடதடவென்று ஆடியது. திறந்தபோது வாழைப்பழ வாசனையோடு ஒரு களி இருந்தது.

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா எட்டிப் பார்த்தார். ஆத்தூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். பிள்ளைகளின் படிப்புக்காகத் திண்டுக்கல்லுக்கு வந்தவர்கள்.

"என்னக்கா இது, கேக்கா கூழா?"

"குடிச்சுப் பாத்துச் சொல்லு" என்றாள் அம்மா.

மறுநாள் மணலை முதலில் வறுத்தோம். கடலை வறுப்பதுபோல் கிளறிக் கிளறி, கையை மேலே காட்டினால் சுடுகிற வரைக்கும். இரண்டாவது கேக் ஒரு பக்கம் சரிந்து எழும்பியது. ஆனால் எழும்பியது.

துணிக்கும் அம்மா வழி கண்டுபிடித்தாள். தெருவில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பவள் அவள். வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. அவற்றைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் பழைய சேலையை வைத்து ஒரு கனமான போர்வை தைத்தாள்.

"புதுத் துணி எடுக்கக் கூடாதுல்ல?" என்று நான் வம்புக்குக் கேட்டேன்.

"எடுக்கல. இது புதுசுமில்ல, ஒருத்தரும் உடுத்துன பழசுமில்ல. என்னன்னு அவுகளே பேர் வச்சுக்கிறட்டும்."

குடில்

நட்சத்திரம் என் வேலை. மூங்கில் குச்சி, நூல், வெள்ளைத் தாள், மைதாப் பசை. வாசலில் தொங்கவிடத்தான் தடை. அதனால் உள்ளே, இயேசு பிறந்த தொழுவமாக நாங்கள் வைக்கும் குடிலுக்கு மேலே தொங்கவிடுவது என்று அம்மா தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

"குடிலே வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"ஏன், துக்க வீட்ல பிள்ள பொறக்காதா?"

பழுப்புத் தாளைக் கசக்கி, மையும் சுண்ணாம்பும் தெளித்து மலை செய்தேன். கொட்டாங்கச்சிகளில் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்தேன். அது முளைத்துப் பச்சைப் பசேலென்று நிற்கும்போது குடிலைச் சுற்றி வைத்தால் வயல். இதை அப்பாவிடம் கற்றேன் என்று சொல்ல முடியாது. அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். வேலையைச் சொல்லிக் கொடுக்கிற பொறுமையைப் பள்ளிக்கூடத்திலேயே செலவழித்துவிட்டு வருவார். வீட்டில் அவர் பாட்டுக்குச் செய்வார், நாங்கள் பார்ப்போம்.

பரணில் ஏறிச் சுரூபப் பெட்டியை இறக்கினேன். வைக்கோலுக்குள் சூசையப்பர், மாதா, இடையர்கள், கால் உடைந்த ஒட்டகம், ராஜாக்கள் மூன்று பேர். குழந்தை இயேசுவான பாலனை மட்டும் காணவில்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டெல்லா சிறுமியாக இருந்தபோது, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையிலேயே பாலனை எடுத்துக் குடிலின் தீவனத் தொட்டியில் படுக்கவைத்து, பசிக்கும் என்று முறுக்கும் ஊட்டிவிட்டாள். பிறக்கும் முன்னே பிள்ளை வந்துவிட்டதில் அப்பாவுக்குப் பெரிய வருத்தம். அதிலிருந்து வருடாவருடம் பாலனை மட்டும் தனியாக எங்கோ ஒளித்துவைப்பார். இருபத்து நான்காம் தேதி சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் கையில் அது இருக்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "பெத்லகேம்ல இருந்து" என்பார்.

அந்த இடத்தை யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

தேடினோம். அவருடைய டிரங்குப் பெட்டி, மேசை இழுப்பறை, கடிகாரத்தின் முதுகுப்புறம், மாதா படத்தின் பின்புறம், குடைக்குள், அரிசிப் பானைக்குள். பரணில் மறுபடி ஏறி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். மூலையில், பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிய வெண்கலப் பொங்கல் பானை இருந்தது. கையை வைத்தேன்.

கீழேயிருந்து அம்மா அதட்டினாள். "ஏலே, அத ஏன் தொடுற? இந்த வருசம் அதுக்கு வேலை இல்ல. துக்க வருசத்துல பொங்கப் பானைய எறக்காத."

கையை எடுத்துவிட்டேன்.

"கடையில ஒண்ணு வாங்கிட்டு வாரேன்" என்றேன், தூசியோடு இறங்கி.

 அம்மா காலியான தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, ஜாக்கெட்டுக்கு உள்துணியாக வைக்கும் வெள்ளைப் பருத்தித் துண்டை எடுத்து உதறினாள்.

"அவுக வச்சது எங்கயோ பத்திரமா இருக்கு. கடைப் பிள்ளை ஒண்ண வாங்கி வச்சா, அது காணாமப் போச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் தைக்கிறேன்."

உள்ளே அடைக்கப் பஞ்சு பாண்டியம்மா வீட்டிலிருந்து வந்தது. ஆத்தூர்த் தோட்டத்து இலவம்பஞ்சு. விதையை நீக்கி, பூப்போல் உதறிக் கொண்டுவந்து தந்தார்.

"எங்க பஞ்சுல உங்க சாமிய செய்யிறீக. அப்பப் பாதிச் சாமி எங்களுக்கு" என்றார்.

"பாதி என்ன, ராத்திரி அழுதா நீயே வந்து தூக்கிக்க" என்றாள் அம்மா.

அப்பா போனபின் அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. பழுப்பு நூலில் மூடிய இரண்டு இமைகள். ஒரு சின்னக் கோடு, அது வாய். கைகள் மட்டும் அவளுக்குச் சரியாக வரவில்லை. இரண்டு தடவை பிரித்தாள். கடைசியில் கைகளை உள்ளே விட்டுத் துணியால் சுற்றிவிட்டாள். "குளிருக்குச் சுத்தித்தான் வச்சிருப்பாக" என்றாள்.

வடமதுரையிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

வந்தவர்

இருபத்து நான்கு, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் தாண்டியும் யாரும் வரவில்லை. அம்மா சோற்றை வடித்து, குழம்பையும் வெஞ்சனத்தையும் மூடி வைத்துவிட்டு, போர்வையின் ஓரத்தில் தேவையே இல்லாத ஒரு தையலைப் போட்டுக்கொண்டிருந்தாள். தெரு முழுக்க நட்சத்திரங்கள். எங்கள் வாசல் மட்டும் மொட்டையாக இருந்தது.

மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, ஸ்டெல்லா, நடுவில் சம்பந்தியம்மா. தங்கை வாசலைத் தாண்டி ஓடிவர ஒரு அடி எடுத்தவள், மாமியாரைப் பார்த்து நின்றாள். சம்பந்தியம்மா தெருவிலேயே நின்று எங்கள் தாழ்வாரத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒரு மூலை விடாமல் பார்த்தார்.

"ம்" என்றார். உள்ளே வந்தார்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனார். எண்ணெய்ச் சட்டி ஆணியில் தொங்கியது. அதன் அடியில் விரலை ஓட்டிப் பார்த்தார். விரலில் தூசி. பொரிவிளங்காய் உருண்டை ஒன்றைக் கடித்தார்.

"இது பலகாரமா, என் பல்லுக்கு வச்ச சோதனையா சம்பந்தி?"

"ஊற வச்சுச் சாப்பிடுங்க. ரெண்டு நாள் இருந்துதான போகப் போறீக?"

சம்பந்தியம்மா கடித்ததை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். கூடத்துக்கு வந்தார். குடிலைப் பார்த்தார். மேலே பார்த்தார்.

"நட்சத்திரம் வச்சிருக்கீக."

"வாசல்ல இல்லியே" என்றாள் அம்மா.

 மாப்பிள்ளை கேழ்வரகுப் பயிரைக் குனிந்து பார்த்து, "நல்லா வந்துருக்கே, என்ன உரம் போட்டீக?" என்று கேட்டார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. அம்மா பாலனை ஒரு சிறு தட்டில் எடுத்துவந்தாள். அப்பா ஒளித்துவைத்ததையும் தேடிக் கிடைக்காததையும் மறைக்காமல் சொன்னாள்.

"சரி. ஆம்பளை கையால வைக்கிறதுதான் வழக்கம்" என்றார் சம்பந்தியம்மா. "மகன் வைக்கட்டும்."

அம்மா தட்டை என்னிடம் நீட்டவில்லை.

"பெத்த பிள்ளைய எடுத்துத் தொட்டில்ல போடுறது எந்த ஊர்ல ஆம்பளை சம்பந்தி? அவுக இருந்தவரைக்கும் அவுக வச்சாக. இப்ப இந்த வீட்ல பெரிய ஆள் நான்தான்."

 தெருவில் யாரோ ஊசிப் பட்டாசு கொளுத்தினார்கள்.

சம்பந்தியம்மா தட்டிலிருந்த துணிப் பாலனைக் கையில் எடுத்தார். திருப்பினார். முதுகைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இங்க தையல் விட்டுப் பஞ்சு பிதுங்குது. ஊசி குடுங்க."

ஊர் ஜாக்கெட்டெல்லாம் தைக்கிற என் அம்மா, தன் தையலைக் குறை சொன்ன ஒருவரை அதுவரை சும்மா விட்டதில்லை. அன்று ஒரு வார்த்தை பேசாமல் ஊசியில் நூலைக் கோத்து நீட்டினாள். அந்த மாதத்தில் அவள் செய்த வேலைகளிலேயே கடினமானது அதுதான் என்று நினைக்கிறேன்.

சம்பந்தியம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிதுங்கிய பஞ்சை விரலால் உள்ளே தள்ளி, மூன்று நான்கு தையல் போட்டு முடிச்சிட்டார். நூலை அறுக்க ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். பிறகு பாலனை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"வைங்க. செபம் நான் சொல்றேன்."

அன்று நடுச்சாமப் பூசைக்கு நாங்கள் போகவில்லை. துக்க வீடு, காலைப் பூசையே போதும் என்று அம்மாவும் சம்பந்தியம்மாவும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள். வந்த மூவரும் செவ்வாய்க்கிழமைதான் ஊர் திரும்பினார்கள். போர்வையைச் சம்பந்தியம்மாவே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பானை

அடுத்த ஜனவரியில் வருடம் திரும்பவில்லை. எங்களுக்குப் பொங்கல் இல்லை. அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்கும் துணிப் பாலனே தொட்டியில் கிடந்தான். அதன் பின் வந்த பொங்கலுக்குத்தான் அம்மா பானையை இறக்கச் சொன்னாள். வேட்டிக் கட்டை அவிழ்த்துப் பானையைச் சாய்த்தேன். உள்ளே ஏதோ உருண்டது.

ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு குடிலைப் பிரித்தாலும், சுரூபப் பெட்டி பரணில் ஏறுவது பொங்கல் கழிந்துதான். பெட்டியையும் பானையையும் ஒரே நாளில் ஏற்றுவது அப்பாவின் வேலை. இது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். துக்க வருடத்தில் தொடக் கூடாத ஒரே பாத்திரத்துக்குள் பிள்ளை படுத்திருந்தது.

அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். முதலில் பொங்கலை முடித்தாள். பிறகு, ஒரு வெள்ளைத் துணியில் அதைச் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு வடமதுரைக்குப் பஸ் ஏறினாள்.

"இது ஸ்டெல்லாவோட தலைக் கிறிஸ்துமஸ் சீரு" என்று சம்பந்தியம்மாவிடம் நீட்டினாள்.

சம்பந்தியம்மா எதையும் மறக்கிறவர் இல்லை. "ரெண்டு கிறிஸ்துமஸ் போயிருச்சே சம்பந்தி. அடுத்து வர்றது எப்படித் தலைக் கிறிஸ்துமஸ் ஆகும்? அது மூணாவதுல்ல?"

"எங்கணக்குக்கு மூணாவது. இது ஸ்டெல்லா அப்பா குடுக்கிறது. அவுக கணக்குல இதுதான் மொதல்."

சம்பந்தியம்மா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு குடில் வைக்கிறார்கள். குடில் பிரித்ததும் பாலனைச் சம்பந்தியம்மா ஒளித்துவைத்துவிடுவார். மகனுக்கும் சொல்வதில்லை, பேரப் பிள்ளைகள் கெஞ்சினாலும் சொல்வதில்லை. ஆனால் முதல் முறை ஒளித்த அன்றே ஸ்டெல்லாவை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, இடத்தைக் காட்டிவிட்டாராம்.

இந்த அத்தியாயத்துக்காகச் சென்ற வாரம் தங்கையிடம் பேசினேன். முழுமையாக எழுத வேண்டும் என்கிற ஆசையில், "அந்த இடம் எது?" என்று கேட்டேன்.

சிரித்தாள்.

"அது எங்க வீட்டு விசயம் அண்ணே" என்றாள்.